வெண்டைக்காயில் மூழ்கியவள் கேட்கிறேன்: வரும் ஆண்டுக்குக் கொல்லையை எப்படித் திட்டமிடுவது?

கொல்லைக்கணக்கு (கும்பகோணம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டு பேரேடு எழுதியவள் நான். சென்ற மே மாதம் ஓய்வு பெற்றேன். மறுவாரமே கொல்லையில் நின்றுகொண்டு, "இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டுவிட்டு எதற்காகத் தாராசுரம் மார்க்கெட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறோம்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பை தூக்குகிறவர் அவர்தான். மார்க்கெட் வாசல் டீக்கடையில் அவருக்கு நான்கு நண்பர்கள் இருக்கிறார்கள்.

ஆடிப்பெருக்கன்று எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றினேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று படித்திருக்கிறோம் அல்லவா? நான் தேடித் தேடி விதைத்தேன். வெண்டை மட்டும் 36 செடி. நாற்றுக் கடையில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள். சுவரோரம் கொத்தவரை. கிணற்றடியில் சுரையும் அவரையும்.

நோட்டில் உள்ளதை உள்ளபடி தருகிறேன். எரு, விதை, நாற்று, மூங்கில், கயிறு, மண்ணைக் கொத்திக் கொடுத்தவர் கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 6,840 ரூபாய். வரவு: வெண்டை 14 கிலோ, கத்தரி 4 கிலோ, கொத்தவரை 3 கிலோ, சுரைக்காய் 9, கீரை 22 கட்டு. மார்க்கெட் விலை போட்டால் 1,380 ரூபாய். மிளகாய், தக்காளி, அவரை மூன்றுக்கும் நேரே கோடு கிழித்திருக்கிறேன்.

பணம் போனதைப் பற்றிக் கவலை இல்லை. வந்த காய் வந்த விதம்தான் என்னைக் கேலி செய்கிறது. செப்டம்பர் நடுவில் வெண்டை காய்க்கத் தொடங்கியது. வாரத்துக்கு மூன்றரை கிலோ வரை வந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: நான், அவர், 82 வயது மாமியார். வதக்கல், மோர்க்குழம்பு, சாம்பார், பச்சடி, வற்றல் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். கடைசியில் எங்கள் கொல்லைக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டு அம்மாள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளும் நிலை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. நான்கு நாள் தண்ணீர் தேங்கி நின்றது. கத்தரியும் மிளகாயும் பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தன. மூன்றாம் நாள் மாலையில் நிமிரவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகிக் குழகுழவென்று கையோடு வந்தது. நவம்பர் முழுக்க மறுபடியும் தாராசுரம்.

ஆகவே வருகிற தை முதல் அடுத்த மார்கழி வரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு செய்யப் போகிறேன். ஒரே நாளில் மலையாகக் குவிய வேண்டாம். வாரம் மூன்று கிலோ காயும் நான்கு கட்டுக் கீரையும் போதும். இன்னொன்று, மாமனாரின் திவசம் தை மாதத்தில் வருகிறது. அன்றைக்கு அவரை, புடலை, பாகல், வாழைக்காய், சேப்பங்கிழங்கு வேண்டும். தக்காளியும் கோஸும் ஆகாது. அந்த ஒரு நாள் இலையில் விழும் காய் முழுவதும் கொல்லையிலிருந்தே வரவேண்டும் என்பது மாமியார் ஆசை. அதாவது அடுத்த ஆண்டுத் தை.

இடம்: கிழக்கு மேற்கில் 24 அடி, வடக்குத் தெற்கில் 38 அடி. வடக்கே எங்கள் வீடு. தெற்கு எல்லையை ஒட்டிப் பக்கத்து மனையின் மாடி, 20 அடி உயரம் இருக்கும். கிழக்கே கிணறும் ஒரு செம்பருத்தியும். காவிரி வண்டல் கலந்த களிமண். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

எங்கே வெயில் விழுகிறது என்று பார்க்க, போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு முறை நிழலின் விளிம்பில் கோலமாவால் கோடு இழுத்தேன். பச்சரிசி மாவு. பத்து மணிக் கோட்டைப் பன்னிரண்டு மணிக்குள் எறும்பு தின்றுவிட்டது. பிறகு செங்கல் துண்டால் இழுத்தேன். உச்சியில் தெற்கு மாடியின் நிழல் 14 அடி வரை வந்து நிற்கிறது. 38 அடியில் 14 அடி போனால் மிச்சம் என்ன விளையும்? அந்த 14 அடியைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிடட்டுமா?

எதை எந்த மாதம் போடுவது, மழைக்கு என்ன செய்வது, அவரை ஏன் பூக்கவே இல்லை? ஐம்பத்தைந்து நாள் பார்த்தேன். கொடி மட்டும் தென்னை உயரத்துக்கு ஓடியது. புரட்டாசியில் வெறுத்துப்போய்ப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

பந்தற்கால் (பட்டுக்கோட்டை) எழுதியது:

சகோதரி, தள்ளுபடி எல்லாம் எழுதாதீர்கள். நீங்கள் கோடு இழுத்தது மார்கழியில். சூரியன் தெற்கே முழுவதும் சாய்ந்து நிற்கும் மாதம் இது. அதனால் தெற்கே இருக்கும் எந்தச் சுவரும் ஆண்டிலேயே நீளமான நிழலை இப்போதுதான் போடும். 20 அடிச் சுவருக்கு உச்சி வேளையில் ஏறத்தாழ 14 அடி. உங்கள் செங்கல் கோடு துல்லியம். சித்திரை முதல் வாரத்தில் நம் பக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நண்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடக்கும். அதன் பிறகு ஆவணி வரையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த நான்கு மாதமும் மாடி நிழல் உச்சியில் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. சித்திரையில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை இதே கோட்டை இழுத்துப் பாருங்கள். மூன்று கோடு இருந்தால் எந்த இடம் எந்த மாதத்துக்கு என்று மண்ணே சொல்லிவிடும். கோலமாவு வேண்டாம், சுண்ணாம்பு போடுங்கள்.

அந்தத் தெற்குப் பட்டைக்கு நான் சொல்வது கிழங்கு. சேனையும் மஞ்சளும் சித்திரை, வைகாசியில் இறங்கி, வெயில் காலத்தில் இலை விரித்து, மார்கழி தையில் இலை காய்ந்து வெட்டுக்கு வரும். நிழல் நீளும்போது அவற்றுக்கு வேலை முடிந்திருக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளம் எது என்று உங்களுக்கு இந்த மழையில் தெரிந்திருக்குமே, அதில் சேப்பங்கிழங்கு. சேம்புக்கு ஈரம் பிடிக்கும். சேனைக்குப் பிடிக்காது, அதை மேட்டில் வையுங்கள்.

மழையைப் பற்றி. களிமண்ணில் பள்ளப் பாத்தி போட்டதுதான் தவறு. நீர் பாய்ச்ச வசதியாக இருக்கிறதென்று எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஐப்பசியில் அது குளம். மூன்றடி அகலம், ஓர் அடி உயரம் என்று மேட்டுப்பாத்தி கட்டுங்கள். மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் இருக்கும் களைக்குக் கை எட்டாது, பாத்தியில் கால் வைப்பீர்கள். கால் வைத்த களிமண் கல். இரண்டு பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி நடைபாதை. அதுவே வாய்க்கால். எல்லா வாய்க்காலும் ஒரு மூலையில் சேர்ந்து வெளியே போக வழி இருக்க வேண்டும். வழி இல்லாவிட்டால் மேடு கட்டியும் பயன் இல்லை. இன்னொன்று, ஈர மண்ணை வெட்டாதீர்கள். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை விரலால் தட்டியதும் உதிர்ந்தால் வெட்டலாம். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் நான்கு நாள் பொறுங்கள். எருவோடு அரிசி ஆலை உமிச்சாம்பல் கிடைத்தால் கலந்து கொத்துங்கள். உங்கள் ஊரில் ஆலைக்கா பஞ்சம்?

பந்தல் வடக்கே, வீட்டை ஒட்டி. குளிர்காலத்தில் நிழல் வடக்கே விழும். பந்தலைத் தெற்கே போட்டால் மற்றப் பாத்தியை எல்லாம் அதுவே மறைக்கும். உயரம் ஆறடிக்கு மேல் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா வந்தபோது எனக்கு எட்டடிப் பந்தல் இருந்தது. விடிந்து பார்த்தால் பந்தல் அடுத்த மனையில் கிடந்தது. கொடியோடு அல்ல, காலோடு. சாய்ந்த தென்னைகளுக்கு முன்னால் பந்தலைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன். இப்போது ஆறடி, இரண்டடி ஆழக் குழி, குறுக்கே கம்பி. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே அரிவாளை எடுத்துக்கொண்டு பாதி இலையைக் கழித்துவிடுவேன். காற்று பிடிக்கிறது இலையைத்தான்.

நாற்றங்கால் (கோவை) எழுதியது:

அம்மா, வணக்கம். நான் வேளாண்மை படித்துவிட்டு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். ஐயா மண்ணைச் சொல்லிவிட்டார், நான் நாளைச் சொல்கிறேன்.

வெண்டை ஊன்றிய 45ஆம் நாள் முதல் காய். அதன் பிறகு நாற்பது, ஐம்பது நாள் நன்றாகக் காய்க்கும், பிறகு தளரும். மூன்று பேருக்கு 36 செடி அதிகம். 12 செடி போதும், ஆனால் மூன்று தடவை. முதல் 12 பூவெடுக்கும்போது அடுத்த 12 விதை மண்ணில் இருக்க வேண்டும். கோடையில் மட்டும் வெண்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஈ பெருகும், இலை நரம்பு மஞ்சளாகும் நோய் வரும். அதற்கு மருந்து இல்லை. நரம்பு மஞ்சளான செடியை முதல் நாளே பிடுங்கிவிட வேண்டும், பாவம் பார்த்தால் பாத்தி முழுக்கப் போய்விடும். கோடைக்குக் கொத்தவரை. எந்த வெயிலுக்கும் அசையாத செடி அது.

நாற்று விட்டு நடும் காய்களில் தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 முதல் 45 நாள் நாற்றங்காலில். கடையில் வாங்கினால் பார்த்து வாங்குங்கள். பூவோடு இருக்கும் நாற்றைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். அது வயதான நாற்று. நட்டால் வேர் பிடிக்காமல் அந்த ஒரு பூவையே வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும்.

கத்தரி நாற்றை ஆனியில் விட்டு, ஆடி நடுவில் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். புரட்டாசியில் காய் வரும். மழை ஓய்ந்ததும் செடியைப் பிடுங்காமல் ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து எரு வைத்தால் தையில் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். நுனிக்குருத்து மட்டும் தனியாக வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி நசுக்கிவிடுங்கள். குப்பையில் போட்டால் அங்கிருந்து திரும்பி வரும்.

தக்காளி உங்கள் ஊர் மழைக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். ஐப்பசிக் கடைசியில் பின்கட்டுத் திண்ணையில் தட்டு வைத்து நாற்று விடுங்கள். கார்த்திகைக் கடைசியில் நட்டால் மாசி, பங்குனியில் பறிக்கலாம். சித்திரையில் பூ உதிரத் தொடங்கும். இரவும் சூடாக இருந்தால் தக்காளி காய் பிடிக்காது. நிழல்வலை கட்டினால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். இந்த ஆண்டு வேர் அழுகிய பாத்தியில் அடுத்த ஆண்டு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். அங்கே கீரையும் கொத்தவரையும் போகட்டும். கிணற்றடிச் செம்பருத்தியையும் அடிக்கடி பாருங்கள். வெண்டையும் செம்பருத்தியும் உறவுக்காரர்கள். செம்பருத்திக் கணுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. அங்கிருந்து எறும்பு அதைச் சுமந்துகொண்டு வெண்டைக்கு வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில்.

அவரை விஷயம் எழுதலாம் என்று வந்தேன். ஆனால் நம் சீர்காழி அம்மா அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார் என்று தெரியும், அவருக்கே விட்டுவிடுகிறேன்.

பந்தற்கால் எழுதியது:

நிழல்வலை எல்லாம் எதற்குத் தம்பி? இரண்டு மாதம் தக்காளியைக் கடையில் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? வலை, குழாய், கட்டுக்கூலி என்று அம்மாவின் நோட்டில் இன்னொரு 6,840 ஏறும். கோடையில் புளி இருக்கிறது.

பரங்கிப்பூ (சீர்காழி அருகே) எழுதியது:

தங்கச்சி, அவரையைப் பிடுங்கினாயா! வயிறு எரிகிறது. நீ போட்டது கொடி அவரை. அது நாளை எண்ணிப் பூக்கிற செடி இல்லை, பொழுதைப் பார்த்துப் பூக்கிற செடி. பகல் குறைந்து இரவு நீள வேண்டும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் ஐப்பசி கடைசி, கார்த்திகையில்தான் பூவெடுக்கும். மார்கழி, தையில் கொத்துக் கொத்தாக. ஆடியில் போட்டதற்கு என்ன லாபம் என்றால் கொடி நன்றாகப் படர்ந்திருக்கும், பூ நிறைய வரும். அவ்வளவுதான். புரட்டாசியில் நீ பிடுங்கியபோது அது சாப்பிட்டுவிட்டுப் பந்தியில் காத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை மாதம்தான். உன் மாமனார் திவசத்துக்குத் தையில் கேட்ட அவரை அதில்தான் இருந்தது.

இதையே புத்திசாலித்தனமாகத் தையில் போட்டுவிடாதே. பொழுது நீள நீள இலையாகவே நிற்கும். அவசரம் என்றால் குத்து அவரை என்று கேட்டு வாங்கு, அது எந்த மாதமும் காய்க்கும். ஆனால் ருசி கொடி அவரைக்குத்தான்.

பந்தல் காய்க்கு ஆடி ஒரு பட்டம், தை ஒரு பட்டம். புடலை, பீர்க்கு, பாகல், சுரை நான்கையும் ஒரே பந்தலில் ஏற்றாதே, ஒன்றை ஒன்று அமுக்கும். தையில் பீர்க்கும் பாகலும், ஆடியில் புடலையும் அவரையும் என்று வைத்துக்கொள். திவசத்துக்குப் புடலையும் பாகலும் வேண்டும் என்றால் ஆவணிக் கடைசியில் இரண்டு இரண்டு விதை தனியாகப் போட்டுவை. மழையில் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

சுரையில் பூ நிறைய வந்து பிஞ்சு வெம்பி விழுந்ததா என்று நீ எழுதவில்லை. விழுந்திருக்கும். ஒன்பது காய் என்றால் அதுதான் காரணம். பூவுக்குப் பின்னால் குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு இருந்தால் ஆண் பூ. வண்டு வராவிட்டால் நீதான் வண்டு. ஆண் பூவைப் பறித்து இதழைப் பின்னால் மடித்துவிட்டு பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவு. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் இல்லை. பரங்கியும் பாகலும் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் பொழுது சாயும்போது விரியும். நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது வீட்டில் கடிகாரம் இல்லை. பீர்க்கம்பூ விரிந்தால் விளக்கேற்றப் போக வேண்டும்.

பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றிக் கட்டிவிடு. பழ ஈ குத்தினால் காய் கோணும், உள்ளே புழு வைக்கும். பாகலுக்கு இதைச் செய்யாமல் எனக்கு ஒரு காய்கூட நல்லதாக வந்ததில்லை. கீரை விதையை மணலோடு கலந்து தூவு, பாத்தியைச் சுற்றி ஒரு கை நொய் போட்டுவிடு. எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு போகிற இரண்டு நாளில் கீரை முளைத்துவிடும். உன் கோலமாவைத் தின்றதே, அதே எறும்புதான்.

கடைசியாக ஒன்று. புரட்டாசி பிறந்ததும் தெற்குச் சுவரோரம் எருக்குழியில் மூன்று பரங்கி விதை போடு. கொடி சுவரில் ஏறிக்கொள்ளும். காய்க்காக மட்டும் சொல்லவில்லை. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் வைக்கப் பூ வேண்டாமா? ஆண் பூ நிறைய வரும். இரண்டு மூன்றைக் கொடியில் விட்டுவிட்டு மிச்சத்தைப் பறித்தால் காய்க்குக் குறை இல்லை.

கொல்லைக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவரைப் பகுதியை மாமியாருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. படித்துவிட்டேன். "நான் அன்றைக்கே விடு விடு என்றேனே, நீதான் பொட்டலத்தில் ஐம்பத்தைந்து நாள் என்று எழுதியிருக்கிறது என்றாய்" என்றார். சொன்னது உண்மை. ஆனால் எங்கள் மாமியார் எதைத் தொட்டாலும் விடு விடு என்பார். எந்த விடு உண்மையான விடு என்று எனக்கு எப்படித் தெரியும்? பொட்டலத்தைக் குப்பையிலிருந்து தேடி எடுத்துப் பார்த்தேன். குத்து அவரைப் படம், குத்து அவரைக்கு உரிய நாள் கணக்கு. உள்ளே இருந்தது கொடி. கடைக்காரரைக் கேட்டால் அவரும் பொட்டலத்தைத்தான் காட்டுவார். நோட்டில் "அவரை: அவசரச் செலவு" என்று திருத்தி எழுதிவிட்டேன்.

சுரைப் பிஞ்சு விழுந்தது உண்மைதான் அக்கா. ஒரு வாளி விழுந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது இது. தவறு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், தையில் சொல்லாதீர்கள்.

பொங்கல் கழிந்து மண் உதிரும் பதம் வந்ததும் நடுவில் ஐந்து மேட்டுப்பாத்தி. கோடு இழுத்துப் பார்த்ததில் நடைபாதை போக அவ்வளவுதான் கொள்கிறது. தண்ணீர் வெளியேற வடமேற்கு மூலையில் தெருச் சாக்கடைக்கு ஒரு குழாய் வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது. கூலி 900 கேட்கிறார். தையில் வெண்டை 12, பந்தலில் பீர்க்கு இரண்டு குழி, பாகல் இரண்டு குழி. மாசிக் கடைசியில் கொத்தவரை 20 செடி. முளைக்கீரையும் சிறுகீரையும் மாற்றி மாற்றிப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூன்றடிக்கு மூன்றடி, எறும்புக்கு நொய்யோடு. அரைக்கீரை ஒரு பாத்தி ஓரத்தில் நிரந்தரம், அதைக் கிள்ளிக்கொண்டே இருக்கலாம்.

சித்திரையில் தெற்குப் பட்டை: சேனை ஆறு குழி, மஞ்சள் ஒரு வரிசை. பொங்கல் பானையில் கட்டக் கொத்து மஞ்சள் வீட்டிலிருந்தே வரும். சேப்பங்கிழங்கை ஆனியில் பள்ளத்தில் வைக்கிறேன். வைகாசி, ஆனியில் இரண்டு பாத்தியை ஓய்வில் விட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு போட்டுப் பூக்கும் முன் மண்ணிலேயே மடக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். வயலுக்குச் செய்வதைக் கொல்லைக்குச் செய்யக் கூடாது என்று சட்டமா?

ஆடியில் கொடி அவரை, வடக்குப் பந்தலில். கத்தரி நடவு 8 செடி, பழைய கத்தரிப் பாத்தியில் அல்ல. வெண்டை இரண்டாம் 12. மூன்றாம் 12 ஆவணி நடுவில், மழைக்கு முன் கிடைத்தவரை லாபம். ஆவணிக் கடைசியில் புடலை, பாகல் இரண்டு இரண்டு. புரட்டாசியில் மூன்று பரங்கி. ஐப்பசியில் புதிதாக எதுவும் இல்லை, நாற்றுத் தட்டு மட்டும் திண்ணையில். கார்த்திகைக் கடைசியில் தக்காளி 6 செடி. நிழல்வலை இல்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், புளிக்கு நான் ஓட்டுப் போட்டுவிட்டேன்.

வாழைக்காய்க்கு இந்தத் தையிலேயே ஒரு மொந்தன் கன்று, அடுப்படித் தண்ணீர் போகும் இடத்தில். அது அடுத்த தைக்குத் தார் தருமா, மாசிக்குத் தள்ளிப்போகுமா என்பதுதான் எனக்குப் பயம்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட்டுக்கு வாரம் ஒரு நாள் தாராசுரம் என்றும் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் முழுவதையும் படித்துவிட்டு அந்த வரிக்கு நேரே மட்டும் கையெழுத்துப் போட்டார்.

பரங்கிப்பூ எழுதியது:

வாழை ஒன்று வைக்காதே, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு வை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சுரைப் பிஞ்சு எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் ஆண்டு எனக்கும் வாளி நிறைய விழுந்தது.

நாற்றங்கால் எழுதியது:

தக்கைப்பூண்டு சரிதான் அம்மா. 45 நாளில் மடக்குங்கள். தண்டு முற்றினால் அந்தக் களிமண்ணில் மக்க நாளாகும். மடக்கிய பிறகு பத்துப் பதினைந்து நாள் விட்டு நடுங்கள். ஆடிக்குள் முடியவேண்டும் என்றால் வைகாசித் தொடக்கத்திலேயே விதைத்துவிடுங்கள். புளிக்கு விழுந்த ஓட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

பந்தற்கால் எழுதியது:

திட்டம் நன்றாக இருக்கிறது சகோதரி. 900 ரூபாய்க்குக் கொத்தனார் குழாயை எந்த மட்டத்தில் வைக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சாக்கடை நிறைந்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். குழாய் வாய்க்கு ஒரு மரக்கட்டை அடைப்பு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே மட்டம் உயர்ந்தால் அடைத்துவிடலாம். கம்பிவலையும் கட்டுங்கள். சேனை வைக்கிறீர்கள், பெருச்சாளி அந்த வழியாகத்தான் வரும்.

கொல்லைக்கணக்கு எழுதியது:

வரும் என்று சொல்லாதீர்கள் ஐயா. கிணற்றடியில் நேற்றே ஒரு வளை பார்த்தேன், என் கை முழங்கை வரை போகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அது தனிப் பாரதம்.